பேகோசைட்: விழுங்குதா, தின்னுதா?

முகப்பரு பழுத்து சீழ் வைக்குதுல்ல, அந்த சீழ்ல பெரும்பகுதி செத்துப்போன நியூட்ரோபில்தான், ரத்த வெள்ளையணுக்கள்ல அதிகமா இருக்குற வகை அது, கிருமி இருக்குற இடத்தைத் தேடிப்போய் தின்னுட்டு அங்கயே செத்துடும். இப்படி கிருமியைத் தின்னுற செல்லுக்கெல்லாம் பொதுப்பேர் பேகோசைட். நியூட்ரோபில், ரத்தத்துல சுத்துற மோனோசைட், திசுக்கள்ல தங்குற பெரிய செல்லான மேக்ரோபேஜ் மூணும் இதுல சேர்த்திதான். ஊசி போட்டோ ஒருதடவை நோய் வந்தோ உடம்பு கத்துக்குற எதிர்ப்பு வேற, இது பிறக்கும்போதே இருக்குறது, கிருமி நுழைஞ்ச சில மணி நேரத்துலயே வேலையைத் தொடங்கிடும்.

இந்தப் பேரு வந்த கதை நல்லாருக்கும். 1882ல ரஷ்யப் பேரரசுல பிறந்த விலங்கியலாளர் மெச்னிகோஃப் இத்தாலில சிசிலித் தீவு மெசினா ஊர்ல தங்கியிருந்தார், நட்சத்திரமீனோட லார்வா உள்ள இருக்குறதெல்லாம் வெளிய தெரியுற உயிர், அதோட தோலுக்கடியில ரோஜா முள்ளைக் குத்தி வச்சுட்டு மறுநாள் காலைல மைக்ராஸ்கோப்ல பார்த்தா முள்ளைச் சுத்தி நகரும் செல்கள் மொய்ச்சிருக்கு. ரத்தக்குழாயே இல்லாத உயிர்ல! அப்போ ரத்த ஓட்டம் இல்லாமலே செல்கள் தானா நகர்ந்து வந்து எதிர்க்குதுன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. வியன்னால இருந்த கிளாஸ்ங்கிற பேராசிரியர்கிட்ட இதைச் சொன்னப்போ, தின்னுற செல்லுக்கு கிரேக்கத்துல ஒரு பேர் கேட்டிருக்கார், அங்க கிடைச்சதுதான் பேகோசைட். பேகெய்ன்னா தின்னுறது, கைடோஸ்னா குழிவான பாத்திரம். 1908ல நோய் எதிர்ப்பை ஆராய்ஞ்ச ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக்கோட சேர்த்து மெச்னிகோஃபுக்கு நோபல் கொடுத்தாங்க.

தமிழ்ல இதுக்கு ரெண்டு வழி ஓடுது. தமிழ்நாட்டுப் பக்கம் விழுங்கு செல், விழுங்கணு, அந்தச் செயலுக்கு செல் விழுங்குதல். ஈழத்து வழக்குல செங்குழியம், வெண்குழியம்னு ரத்தச் செல்லுக்குக் குழியம்தான், அதனால தின்குழியம். என் ஓட்டு தின்குழியத்துக்குத்தான், காரணம் சொல்றேன்.

விழுங்குறது இதோட வேலைல முதல் பாதிதான். பாக்டீரியா பக்கத்துல வந்ததும் செல்லோட விளிம்பு ரெண்டு பக்கமும் நீண்டு வளைச்சு உள்ள இழுத்து ஒரு பைக்குள்ள அடைச்சுடும், அதுக்கப்புறம் செரிக்குற நொதிகள் நிறைஞ்ச லைசோசோம் அந்தப் பையோட ஒட்டி உள்ளதைக் கொட்டும், ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும், நியூட்ரோபில்ல அதை வச்சு பிளீச்சிங் திரவத்துல இருக்குற ஹைப்போகுளோரஸ் அமிலத்தையே தயாரிக்குற ஒரு நொதி இருக்கு. அந்த நொதியோட நிறமே பச்சை, சளி பச்சையா வர்றதுக்குக் காரணம் அதுதான் (பச்சைச் சளின்னாலே ஆன்டிபயாடிக் வேணும்னு அர்த்தம் இல்லைங்க, வைரஸ் சளியும் அப்படி ஆகும்).

இந்த ரெண்டாவது பாதி நடக்கலன்னா என்ன ஆகும்? காசநோய்க் கிருமியைப் பாருங்க, நுரையீரல் மேக்ரோபேஜ் அதை விழுங்கிடுது, ஆனா கிருமி லைசோசோமை அந்தப் பையோட சேரவிடாம தடுத்துட்டு உள்ளயே உக்காந்து பெருகுது. அதே மாதிரி பிறவிலயே வர்ற ஒரு அரிய மரபணுக் கோளாறுல செல் கிருமியை நல்லாவே விழுங்கும், கொல்லுற ரசாயனத்தைத்தான் தயாரிக்க முடியாது, அந்தக் குழந்தைகளுக்கு மறுபடி மறுபடி தொற்று வந்துட்டே இருக்கும். விழுங்கிட்டா முடிஞ்சுதுன்னு சொல்லவே முடியாது. கிரேக்க வேரும் தின்னுறதுன்னுதான் சொல்லுது.

இன்னொன்னு, தின்குழியம் வினைத்தொகை, ஊறுகாய் சுடுசோறு மாதிரி, தின்ற தின்கின்ற தின்னும்னு மூணு காலமும் உள்ள அடங்கிடும். கைடோஸுக்குக் குழியமும் அப்படியே பொருந்துது. செல் விழுங்குதல்னு எழுதினா செல் விழுங்குதா செல்லை விழுங்குதான்னு குழப்பம் வேற, விழுங்கணுல அணுங்கிறதை பசங்க இயற்பியல் அணுவா எடுத்துக்குறாங்க.

மேக்ரோபேஜுக்கு நான் பெருந்தின்குழியம்னு எழுதுறேன். கல்லீரல்ல இருக்குற குப்ஃபர் செல், மூளைல இருக்குற மைக்ரோகிளியா எல்லாம் இதோட வகைதான், அதுங்களுக்குத் தனித்தனியா தமிழ்ப்பேர் தேடி மெனக்கெட வேண்டாம், கல்லீரல் தின்குழியம், மூளைத் தின்குழியம்னு இடத்தைச் சேர்த்தாலே படிக்குறவங்களுக்குப் புரிஞ்சுடும்.