துருவை அளக்கும் காரைக்குடி

அறிவியல் மற்றும் தொழில்துறை ஆராய்ச்சிக் கழகம் 1942-இல் உருவானது. அதன் ஆய்வகங்களில் ஒன்றான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் அமைவதற்கு, வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயுமே வழிவகுத்தன. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் நிறுவனம் திறக்கப்பட்டது. சிக்ரி என்று அழைக்கப்படும் இந்நிறுவனம் மின்கலம், மின்முலாம் எனப் பல துறைகளில் ஆய்வு செய்தாலும், உலோக அரிமானம், அதாவது துருப்பிடித்தல் போன்ற வினைகளால் உலோகம் அரிக்கப்பட்டுத் தேய்வது, பற்றிய அதன் பணியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை. ஈரம் படிந்த இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து அயனிகளாகக் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்துக்குச் சென்று, அங்குள்ள ஆக்சிஜனையும் நீரையும் ஹைட்ராக்சைடு அயனிகளாக மாற்றுகின்றன. இவ்விரு அயனிகளும் சேர்ந்து, மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து துருவாகின்றன. உப்பு கலந்த ஈரம் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் கடலோரத்தில் வினை விரைவு பெறுகிறது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்குத் தொடக்கத்தில் இந்த ஆபத்து இல்லை. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக் காக்கிறது. ஆனால் நுண்துளைகள் வழியே ஊடுருவும், உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அப்படலத்தைச் சிதைத்துவிடும். பிறகு உண்டாகும் துரு, கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது.

விரிசல் தெரியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கம்பியை வோல்ட்மீட்டரின் ஒரு முனையில் இணைத்து, மறுமுனையில் தாமிரம்–தாமிர சல்பேட் ஒப்பீட்டு மின்முனையை (ஒப்பிட்டு அளக்க உதவும், மின்னழுத்தம் மாறாத மின்முனை) பொருத்தி, அதை ஈரப்படுத்திய கான்கிரீட்டின் மேல் இடம் இடமாக வைத்து அளப்பார்கள். மின்னழுத்தம் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைக் காட்டிலும் எதிர்மக் குறியில் மிகுந்தால், அங்கே அரிமானம் நடைபெறுவதற்கான வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல் எனக் கொள்வது வழக்கம்.

எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்பதை அறிய நீண்ட காலக் களச் சோதனையே நம்பகமானது. எடை பார்த்த உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நிறுத்தி, பின்னர் துருவை மட்டும் நீக்கி மீண்டும் எடை பார்த்தால், ஆண்டுக்கு எவ்வளவு உலோகம் தேய்கிறது என்று கணக்கிடலாம். மண்டபம் கடற்கரையிலும் நாட்டின் பிற பகுதிகளிலும் இவ்வாறு சோதித்தே இந்தியாவுக்கான அரிமான வரைபடத்தைச் சிக்ரி உருவாக்கியது. விரைந்த ஆதாயம் தராத இத்தகைய வேலையை ஏற்று நடத்துவதற்காகவே பொது நிதியில் இயங்கும் ஆய்வகங்கள் தேவைப்படுகின்றன.