கறுப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறி: டோக்கன் தமிழை எங்கே வெட்டுகிறது?

ஒரு சாட்பாட்டின் திரைப் பகுதிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் இதை முதலில் பார்த்தேன். ஆங்கிலத்தில் கேட்டால் பதில் அழகாக ஓடி வருகிறது, தமிழில் கேட்டால் நடுநடுவே கறுப்பு டைமண்டுக்குள் ஒரு கேள்விக்குறி. ஃபான்ட் சரியில்லை என்று நினைத்து அரை நாள் அதையே மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபான்ட் நன்றாகத்தான் இருந்தது. சாட்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாடல் பதிலை டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக அனுப்புகிறது. அது அனுப்பிய டோக்கனில் இருந்ததே பாதி எழுத்துதான்.

பாதி எழுத்து எப்படி வரும்? மாடலுக்கு எழுத்தும் தெரியாது, சொல்லும் தெரியாது. அதற்குள் போவதும் வருவதும் எண்கள் மட்டும். நம் உரையைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுக்கிற வேலையை டோக்கனைசர் செய்கிறது. 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது மூன்று எழுத்து. பைத்தான் நிரல்மொழியில் நீளம் கேட்டால் 5 என்று வரும், ஏனென்றால் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். அந்தக் குறிகளைப் பைட்டுகளாக (0 முதல் 255 வரையான எண்களாக) எழுதும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். த என்பது 224, 174, 164. ம என்பது 224, 174, 174. புள்ளி 224, 175, 141. ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட் என்பதால் அங்கே 'பாதி எழுத்து' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தப் பைட்டுகளை ஒட்டித் துண்டாக்கும் முறைக்கு பைட் பேர் என்கோடிங் என்று பெயர். 1994-ல் ஃபிலிப் கேஜ் இதைத் தரவைச் சுருக்குவதற்காகத்தான் எழுதினார். பிறகு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ரிகோ சென்ரிச் குழுவினர் 2016-ல் வெளியான கட்டுரையில் இதை இயந்திர மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவந்தார்கள். விதி ரொம்பச் சின்னது: அடுத்தடுத்து அதிக முறை வரும் ஜோடியைக் கண்டுபிடி, ஒட்டி ஒரே துண்டாக்கு, மறுபடி எண்ணு.

கையாலேயே செய்து பார்க்கலாம். நம்மிடம் இருக்கும் மொத்த உரையே 'வந்தான், வந்தாள், வந்தார், போனான்' என்ற நான்கு சொற்கள்தான் என்று வையுங்கள். எளிமைக்காகப் பைட்டை விட்டுவிட்டு யூனிகோடு குறிகளை எண்ணுவோம்: முதல் மூன்று சொல்லுக்கும் ஏழேழு, கடைசிச் சொல்லுக்கு ஆறு, மொத்தம் 27. வ-வும் ந-வும் மூன்று முறை சேர்ந்து வருகின்றன, ஒட்டு. அதோடு புள்ளி மூன்று முறை, ஒட்டு. அப்புறம் த, அப்புறம் கால். நான்கே ஒட்டில் 'வந்தா' ஒரு துண்டாகிவிட்டது, 27 குறி 15 துண்டாகக் குறைந்துவிட்டது. ஐந்தாவது ஒட்டில், வந்தானிலும் போனானிலும் வரும் 'ன்' ஒரு துண்டாகும். இலக்கணம் ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுக்காமல், வெறும் எண்ணிக்கையை வைத்தே 'வந்தா' தனியாகவும் 'ன்' தனியாகவும் விழுவதை முதன்முதலில் பேப்பரில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது.

இவ்வளவு நல்ல முறை தமிழில் ஏன் சொதப்பியது? தமிழ் உரை குறைவு, அதனால் தமிழ் ஜோடிகள் எண்ணிக்கையில் தோற்றுவிடுகின்றன என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான். 2019-ல் வந்த ஓப்பன்ஏஐ-யின் ஜிபிடி-2 மாடலின் சொல்தொகுதி, அதாவது அதற்குத் தெரிந்த மொத்த டோக்கன்கள், 50,257: 256 பைட், 50,000 ஒட்டு, உரை முடிந்ததைக் காட்டும் குறி ஒன்று. அந்த ஐம்பதாயிரத்தை ஏறக்குறைய முழுக்க ஆங்கிலமாக இருந்த உரைதான் தீர்மானித்தது.

ஆனால் இன்னொரு காரணம் இருக்கிறது, அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒட்ட ஆரம்பிக்கும் முன்பே உரையை ஒரு ரெஜெக்ஸ் (உரையில் வடிவங்களைத் தேடும் விதி) வெட்டுகிறது, அந்த வெட்டைத் தாண்டி எந்த ஒட்டும் நடக்காது. ஜிபிடி-2-இன் ரெஜெக்ஸ், எழுத்துகளின் தொடர் ஒரு துண்டு, எண்களின் தொடர் ஒரு துண்டு, இரண்டும் இல்லாத மற்றவை ஒரு துண்டு என்று பிரிக்கிறது. யூனிகோடு கணக்கில் நம் துணைக்குறிகளும் புள்ளியும் 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' (மார்க்) என்ற தனி வகையில் இருக்கின்றன. ஆகவே அவை காற்புள்ளி, ஆச்சரியக்குறியோடு சேர்ந்து 'மற்றவை'யில் போய் விழுகின்றன. 'தமிழ்' என்பது 'தம', இகரக் குறி, 'ழ', புள்ளி என்று நான்காக உடைந்துவிடும். நாம் கையால் கண்டுபிடித்த அந்த 'வந்தா' அங்கே ஒரே டோக்கனாக ஆகவே முடியாது, கோடிக்கணக்கான பக்கம் தமிழ் கொடுத்திருந்தாலும்கூட. இந்தி, தெலுங்கு, மலையாளம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

ஜிபிடி-4ஓ-வோடு 2024-ல் வந்த டோக்கனைசரில் சொல்தொகுதி சுமார் 2 லட்சம், ரெஜெக்ஸிலும் 'குறி' வகையை எழுத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஓப்பன்ஏஐ காட்டிய மாதிரி உரை தமிழில், அதற்கு முந்தைய டோக்கனைசரின் 116 டோக்கனிலிருந்து 35 ஆகக் குறைந்தது. அதே உரை ஆங்கிலத்தில் 27-லிருந்து 24. மாடலை நம் நிரலிலிருந்து அழைக்கும் ஏபிஐ-க்குப் பணம் டோக்கன் கணக்கில்தான், பதில் வருவதும் டோக்கன் டோக்கனாகத்தான், அதனால் இந்த வித்தியாசம் பில்லிலும் தெரியும், வேகத்திலும் தெரியும்.

சரி, அந்தக் கேள்விக்குறிக்கு வருவோம். நான் செய்த தவறு, ஒவ்வொரு டோக்கனின் பைட்டையும் தனித்தனியாக டிகோட் செய்தது, அதாவது எழுத்தாக மாற்றியது. 224, 174 ஒரு டோக்கனிலும் 164 அடுத்ததிலும் வந்தால் இரண்டுமே தனியாக அர்த்தமில்லாதவை. டிகோடர் அங்கே கறுப்பு டைமண்ட் என்ற மாற்றுக்குறியைப் போட்டுவிடும். மூன்றாவது பைட் வரும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும் டிகோடர் வேண்டும். பைத்தானின் கோடெக்ஸ் தொகுப்பில் இன்கிரிமென்டல் டிகோடர் இருக்கிறது, பிரவுசரில் டெக்ஸ்ட்டிகோடருக்கு ஸ்ட்ரீம் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் போதும்.

இதோடு இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'போ' என்பதை ஓகாரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், டோக்கன்கள் வேறு வேறு. மாடலுக்கு அனுப்பும் முன் என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் ஒரே வடிவமாக ஒருமைப்படுத்திவிடுங்கள். முன்னோட்டத்துக்காக உரையை முதல் 50 எழுத்தோடு வெட்டுகிற இடத்தில் நீளத்தை நம்பாமல், உரையை முழு எழுத்துகளாகப் பிரிக்கும் இன்ட்ல் செக்மென்டரைப் (பிரவுசரில் இருக்கிறது) பயன்படுத்துங்கள், இல்லையென்றால் 'தமிழ்' வெட்டுப்பட்டு 'தமிழ' என்று நிற்கும்.