நேற்று ஏ பிளஸ், இன்று எஃப்: ஐரோப்பாவில் பல்பு பெட்டி சொல்வது என்ன?

பாரிஸிலோ பெர்லினிலோ எல்இடி பல்பு வாங்கப் போனால் ஒரு குழப்பம் வரும். வீட்டில் கிடக்கும் பழைய பெட்டியில் ‘ஏ பிளஸ்’ என்றிருக்கும். கடையில் அதே மாதிரி பல்பின் பெட்டியில் ‘எஃப்’. பல்பின் தரம் குறையவில்லை, மார்க் போடும் முறைதான் மாறியிருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டம்பர் 1 முதல் விளக்குகளுக்குப் புதிய ஆற்றல் முத்திரையை, அதாவது மின் சிக்கனத்தை எழுத்தால் காட்டும் லேபிளைக் கொண்டுவந்தது. ஏ++ முதல் இ வரை இருந்த பழைய வரிசையில், எல்இடி பெருகியதும் கிட்டத்தட்ட எல்லாமே ஏ வாங்கிவிட்டன. வகுப்பில் எல்லாரும் நூற்றுக்கு நூறு என்றால் ரேங்க் கார்டு எதற்கு?

புதிய வரிசை ஏ முதல் ஜி வரை. பல்பு தரும் லூமெனை (வெளிச்சத்தின் அளவு) அது இழுக்கும் வாட்டால் வகுத்துப் பாருங்கள் (ஸ்பாட் லைட்டுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு). 210-உம் அதற்கு மேலும் வந்தால் ஏ. 85-க்குக் கீழே ஜி. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 8 வாட்டில் தரும் எல்இடிக்கு 806 லூமென் என்றால், வாட்டுக்குச் சுமார் 100. அது எஃப். அந்தக் குண்டு பல்பு 14-ஐத் தொடுவதே கஷ்டம்!

ஏ எட்டாக்கனியும் இல்லை. வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீல ஒளி தரும் சிப்தான். மேலே பூசிய பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பொருள் அந்த நீலத்தில் ஒரு பங்கை மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. சிப், பாஸ்பர், உள்ளிருந்து மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என ஒவ்வொன்றிலும் வீணாவதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2021இல் பிலிப்ஸ் கொண்டுவந்த 4 வாட் பல்பு 840 லூமென் தந்தது. சரியாக 210.

சரி, வீட்டிலுள்ள எஃப் பல்பைக் கழற்றி எறியலாமா? வேண்டாம். முத்திரையில் எழுத்துக்குக் கீழே, 1000 மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். 8 வாட்டுக்கு 8, 4 வாட்டுக்கு 4. தினம் மூன்று மணி நேரம் எரித்தால் வருடத்துக்கு நாலரை யூனிட்கூட மிச்சமாகாது. ஃபியூஸ் போனபின் மாற்றும்போது ஏ, பி பார்த்து வாங்கினால் போதும். நாள் முழுக்க எரியும் கடை விளக்கென்றால் கணக்கே வேறு.

விற்பனையில் 30 சதவீதம் ஏ வகுப்புக்குள் வந்துவிட்டால் வரிசையைத் திரும்பவும் மாற்றிப் போடுவது பற்றிப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017ஆம் ஆண்டு விதி. அப்படி மாற்றினால் இன்றைய ஏ-யும் கீழே இறங்கும்.