தாராவின் குருதியில் இரும்பு தேடும் பற்றீரியாக்கள்

மாரியில் இரணைமடுக் குளமும் முத்தையன்கட்டுக் குளமும் நிறைந்து வயல்களில் வெள்ளம் நிற்கையில், வன்னியில் தாராக்களுக்கு இரைக்குக் குறைவிருப்பதில்லை. ஆனால் நன்னீரில் இயல்பாகவே வாழும் ஏரோமோனாஸ் பற்றீரியாவும், எச்சம் கலந்து தேங்கிய தண்ணீரில் பெருகும் ஈ.கோலியும் அங்கேதான் இருக்கின்றன. இவற்றுள் நோய் விளைவிக்கும் வகைகள் குருதிக்குள் புகுந்துவிட்டால் செங்குழியங்களை உடைக்கவல்லவை.

அவை தேடுவது பெரும்பாலும் இரும்பைத்தான். இரும்பின்றி இவை பெருகா; குருதியின் நீர்ப்பகுதியிலுள்ள சொற்ப இரும்பையோ சில புரதங்கள் இறுகப் பற்றிக்கொள்கின்றன. உடலின் இரும்பில் பெரும்பங்கு செங்குழியத்தினுள், ஈமோகுளோபினில் இருக்கிறது.

ஏரோமோனாஸ் சுரக்கும் நச்சுப்புரதம் செங்குழிய மென்சவ்வின் மேற்பரப்பிலுள்ள சில புரதங்களைப் பற்றி, ஏழேழாக வளையமாய்ச் சேர்ந்து, மென்சவ்வை ஊடுருவித் துளையிடுகிறது. அத்துளை ஈமோகுளோபின் வெளியேற முடியாத அளவுக்குச் சிறியது. ஆயினும் அயன்கள் அதன் வழியே போய்வர, உள்ளே அடைபட்ட ஈமோகுளோபின் நீரை ஈர்க்க, நீள்வட்டமான செங்குழியம் உப்பி உருண்டையாகி, ஈற்றில் வெடிக்கிறது. ஈ.கோலியின் சில வகைகளும் இவ்வாறே துளையிடுகின்றன. குளொஸ்ரிடியம் பேர்பிரிஞ்சன்ஸ் என்னும் வேறொரு பற்றீரியாவின் அல்பா நச்சோ ஒரு நொதியம். அது மென்சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளையே வெட்டிவிடும். ஆய்வுகூடத்தில் செம்மறியாட்டுக் குருதி கலந்த ஏகார் என்னும் கூழ்த் தட்டில் இத்தகைய பற்றீரியாவை வளர்த்தால், பற்றீரியாக் கூட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வெளிறிய ஒரு வளையத்தைக் கண்ணாலேயே காணலாம்.

மனிதச் செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ, தாராவினது சுமார் ஆறு வாரங்களே வாழ்கிறது. அதனால் என்பு மச்சை எப்போதும் வேகமாகவே புதியவற்றை ஆக்குகிறது. நோயின் அழிவு அதையும் விஞ்சும்போதுதான் வாயின் உட்புறம் வெளிறி, தாரா மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும். பறவைகளில் ஈமோகுளோபின் சிதைந்து பெரும்பாலும் பச்சை நிறப்பொருளாக முடிவதால், எச்சத்தில் வழக்கமாக வெள்ளையாக இருக்கும் பகுதி பச்சையாகலாம். இரை எடுக்காத தாராவின் எச்சமும் பச்சையாகத்தான் இருக்கும். எனவே நிறத்தை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பது தவறு.

நுண்ணுயிர்கொல்லியைத் தொடங்குமுன் கால்நடை வைத்தியரிடம் குருதி மாதிரி எடுப்பிக்க வேண்டும். மருந்து உள்ளே போனபின் பற்றீரியாவை வளர்த்து இனங்காண்பது கடினம். இறந்த தாராவையும் ஐஸில் வைத்து விரைவாகக் கொண்டு செல்ல வேண்டும். வன்னி வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே செங்குழியங்கள் தாமாகவே சிதைந்துவிடும். பிறகு எது நோயால் உடைந்தது, எது சாவின் பின் உடைந்தது என்று பிரித்தறிய இயலாது.