சேணம் இல்லாத 23 மணி நேரம்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் நடந்த தங்கக் கிண்ணப் போட்டியுடன் சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் முடிவுக்கு வந்தது. 1842இல் தொடங்கப்பட்ட பந்தய மன்றம் ஃபேரர் பார்க்கிலிருந்து 1933இல் புக்கிட் தீமாவுக்கும், பின்னர் கிராஞ்சிக்கும் இடம் மாறிய வரலாறு நம்மவர்களுக்கு அந்நியமானதன்று. வாழையிலைச் சாப்பாட்டுக்காக நாம் தேடிச் செல்லும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பெயர் வந்ததே அந்தப் பழைய பந்தயத் திடலால்தான். மன்றம் மூடப்படவிருப்பதாக 2023 ஜூனில் அறிவிப்பு வந்தபோது, குதிரை மருத்துவம் பார்க்கும் என்னிடம் நண்பர்களும் உறவினர்களும் நிலத்தைப் பற்றியோ பந்தயப் பணத்தைப் பற்றியோ கேட்கவில்லை. அங்கிருந்த சுமார் 700 குதிரைகள் எங்கே போகும் என்றுதான் கேட்டார்கள்.

நியாயமான கேள்வி அது. நன்கு பேணப்படும் குதிரை 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். பந்தயத்திலோ அதன் காலம் பெரும்பாலும் 10 வயதுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. மீதி ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்பதைத் துறை தெளிவாகச் சொல்லாதபோது, மக்கள் மோசமானதையே ஊகிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள் இறைச்சிக் கூடத்துக்குப் போனதை 2019இல் தொலைக்காட்சி அம்பலப்படுத்திய பிறகு, அந்த ஊகத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது.

குதிரையேற்ற விளையாட்டின் நிலையும் இதுவே. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில், நவீன ஐந்திறன் போட்டியின்போது பணிய மறுத்த குதிரையைப் பயிற்றுநர் ஒருவர் கையால் குத்தியதை உலகமே பார்த்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பின் ஐந்திறன் போட்டியிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டது. பாரிஸ் போட்டிக்குச் சில நாள் முன்னர், பிரிட்டனின் ஒலிம்பிக் சாம்பியன் சார்லட் டுஜார்டின் ஒரு குதிரையின் கால்களில் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடித்த பழைய காணொளி வெளிவந்ததால் போட்டியிலிருந்து விலகினார். பிறகு ஓராண்டுத் தடையும் பெற்றார். அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனம் 2022இல் அமைத்த நெறிமுறை ஆணையம் நடத்திய கருத்தாய்வில், பொதுமக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் விளையாட்டில் ஈடுபடுத்தப்படும் குதிரைகளின் நலன் குறித்துக் கவலை தெரிவித்தனர்.

இத்தகைய கவலைக்கு எங்கள் வட்டாரத்தில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் பேசுகிறார்கள்" என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. குதிரைகளை நேசிக்கிறோம் என்று நாங்கள் சொல்வதை மக்கள் நம்பாமல் இல்லை. அந்த நேசத்தைச் சரிபார்க்க வழியில்லை என்பதே அவர்களின் குறை. வழியும் இருக்கிறது. சவாரி நடக்கும் ஒரு மணி நேரத்தைக் காட்டிலும், மீதி 23 மணி நேரம் குதிரை எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்தால் பெரும்பாலானவை புலப்பட்டுவிடும்.

என்னிடம் அடிக்கடி வரும் புகார் ஒன்றைச் சொல்கிறேன். சேணத்தைக் கட்டும் வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது குதிரை காதுகளைப் பின்னால் மடக்கும். திரும்பிப் பட்டை இருக்கும் பக்கம் கடிக்க வரும். "இவள் குணமே அப்படித்தான், டாக்டர், கொஞ்சம் திமிர்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி இரைப்பையைப் பார்த்தால் பல வேளைகளில் அங்கே புண் இருக்கும். குதிரையின் இரைப்பை, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாள் முழுவதும் அமிலம் சுரந்துகொண்டே இருப்பது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். மேய்ச்சலில் விட்டால் ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கும் மேலாக மேயும் விலங்குக்கு, காலையும் மாலையும் தானியம் கொடுத்துவிட்டு இடையில் வெறும் தொட்டியைக் காட்டினால், பாதுகாப்புப் படலம் இல்லாத இரைப்பையின் மேற்பகுதியை அமிலம் அரிக்கிறது. வெறும் வயிற்றோடு ஓடவிட்டால் அமிலம் மேலே தெறித்து நிலைமை இன்னும் மோசமாகிறது. சவாரிக்கு முன் ஒரு கை உலர்புல் கொடுப்பது பெரிய செலவன்று. உலர்புல்லை இறக்குமதி செய்யவேண்டிய நம் ஊரில் சிக்கனம் பார்க்கத் தோன்றும்தான். ஆனால் அதற்குப் பதிலாகத் தானியத்தைக் கூட்டுவது தவறான சிக்கனம்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை வெப்பம். குதிரை வேலை செய்யும்போது தசையில் செலவாகும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. அதை வெளியேற்ற அது முதன்மையாக வியர்வையையே நம்பியிருக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. குளிர்நாடுகளிலிருந்து வந்த குதிரைகள் சில, மாதங்கள் செல்லச் செல்ல வியர்ப்பதையே நிறுத்திவிடும். உடலில் கைவைத்தால் தோல் காய்ந்து சுடும். வேலை முடிந்து வெகுநேரம் ஆகியும் மூக்குத் துளைகள் விரிந்து மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். இயல்பாக நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சுவிடும் விலங்கு அது. அத்தகைய குதிரையைச் சோம்பேறி என்று முடிவுகட்டி உதைத்து ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். விடியற்காலை சவாரி, லாயத்தில் மின்விசிறி, தாது உப்பு, வேலை முடிந்ததும் தொடர்ந்து குளிர்ந்த நீர் ஊற்றுதல் ஆகியவையே அதற்குத் தேவை. சூடான உடலில் குளிர்ந்த நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கை இன்றும் சில லாயங்களில் உலவுகிறது. அதை இனியாவது விட்டுவிடலாம்.

இடப்பற்றாக்குறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு சிறிய திடலாக இருந்தாலும், இன்னொரு குதிரையின் அருகில் கட்டவிழ்த்து விடப்படும் நேரம் தினமும் வேண்டும். அது கிடைக்காத குதிரைதான் கதவைக் கவ்விக் காற்றை விழுங்கும், இல்லையேல் இருந்த இடத்திலேயே ஓயாமல் பக்கவாட்டில் ஆடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. விலங்குகள், பறவைகள் சட்டத்தில் 2014ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, விலங்கை வைத்திருப்பவருக்குப் பராமரிப்புக் கடமை உண்டு. தேசியப் பூங்காக் கழகத்திடம் புகார் அளிக்கலாம். ஆனால் புகார் என்பது கடைசிக் கட்டம். அதற்கு வெகுமுன்பே பார்க்கக் கூடியவர்கள், வாரந்தோறும் பிள்ளைகளைச் சவாரி வகுப்புக்கு அழைத்து வரும் பெற்றோர். வகுப்பு தொடங்குவதற்கு அரை மணி முன்னதாக வந்து லாயத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். தொட்டியில் தண்ணீரும் தரையில் புல்லும் இருக்கின்றனவா, மூக்குப் பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழைகிறதா, சேணத்தைக் கழற்றியதும் முதுகில் புண்ணோ முடி உதிர்ந்த தழும்போ தெரிகிறதா என்று பாருங்கள். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. பெரியவர்களுக்கு அந்த வரம்பைச் சொல்லத் தயங்காத பள்ளி நல்ல பள்ளி. குதிரையைக் குளிப்பாட்டித் தீனி வைக்கும் பராமரிப்பாளரிடமும் பேசிப் பாருங்கள். எந்தக் குதிரை நேற்று தீனியை மிச்சம் வைத்தது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் சொன்னதை மேலே இருப்பவர்கள் கேட்டு நடக்கிறார்களா என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

கூடவே, சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற குதிரை இப்போது எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். புக்கிட் தீமா சேடல் கிளப் 1951இல் தொடங்கப்பட்டதே பந்தயத்தை முடித்த குதிரைகளுக்கு மறுவாழ்வு தருவதற்காகத்தான். ஆகவே இது நம் ஊருக்குப் புதிய எதிர்பார்ப்பன்று. பதில் சொல்பவர் குதிரையின் பெயரையும் அது சென்ற இடத்தையும் உடனே சொன்னால், உங்கள் பிள்ளையை அங்கே தயங்காமல் சேர்க்கலாம்.