குடலில் தெரிந்த அந்த ஒரு பொட்டு

ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. நோயாளிகளை நேரில் சந்திப்பது குறைவு. ஆனால் போன மாதம் ஒரு தம்பி எப்படியோ என்னைத் தேடி வந்துவிட்டார். கையில் அவருடைய அம்மாவின் பெட் ஸ்கேன் அறிக்கை. ஒரு வரிக்குக் கீழே மட்டும் கோடு போட்டிருந்தார்: வலப்பக்கப் பெருங்குடலில் ஓரிடத்தில் கூடுதல் ஒளிர்வு, கொலோனோஸ்கோப்பி (கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) செய்து பார்க்கவும்.

"பரவிடுச்சுன்னு அம்மாகிட்ட இன்னும் சொல்லல டாக்டர்" என்றார்.

அறிக்கை வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் தெரியும், அம்மாவைத் தவிர. கீமோவை நிறுத்திவிட்டு ஊருக்குக் கூட்டிப்போய் நாட்டு வைத்தியம் பார்க்கலாமா என்பதுவரை பேச்சு போயிருக்கிறது.

பரவிவிட்டது என்று நான் எங்கே எழுதினேன்?

இப்படி வந்த குடும்பங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். பெட் ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் இல்லை. உடம்பில் எந்த இடம் சர்க்கரையை அதிகம் இழுக்கிறது என்று அது காட்டும், அவ்வளவுதான். மூளை இழுக்கும், இதயம் இழுக்கும், ஆறிக்கொண்டிருக்கும் புண்ணும் இழுக்கும். குடலும் இயல்பாகவே கொஞ்சம் இழுக்கும். அது பரவலாக ஒளிர்ந்தால் நாங்கள் அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. ஒரே இடத்தில் பொட்டு வைத்தாற்போல் ஒளிர்ந்தால்தான் நிமிர்ந்து உட்காருவோம். அது பல நேரம் பாலிப்பாக, அதாவது குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சியாக இருக்கும். சில நேரம் குடலிலேயே புதிதாகத் தொடங்கிய இன்னொரு புற்றுநோய். சில நேரம் வெறும் அழற்சி, அல்லது உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. பழைய நோய் குடலுக்குப் பரவுவதும் உண்டு, மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அது பரவினால் பெரும்பாலும் எலும்பு, நுரையீரல், ஈரல் என்றுதான் போகும். பெருங்குடலுக்குப் போவது அரிது.

கடைசியில் கொலோனோஸ்கோப்பி செய்தார்கள். பாலிப்தான். அப்போதே எடுத்தும் விட்டார்கள்.

இதற்கு நேர்மாறான ஆட்களும் இருக்கிறார்கள். "எனக்கு ஃபிட் டெஸ்ட் நெகட்டிவ், குழாயெல்லாம் எதுக்கு?" என்பார்கள். ஃபிட் நல்ல சோதனை, சிங்கப்பூரில் 50 வயதைத் தாண்டிய பெரும்பாலோர் ஆண்டுதோறும் செய்ய வேண்டியது. (கிட்டை வாங்கி வந்து அலமாரியில் வைத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய் எடுங்கள்.) ஆனால் அது மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். எல்லாப் பாலிப்பும் ரத்தம் கசியாது. ஸ்கேனில் தெரிந்த பொட்டை ஃபிட்டால் அழிக்க முடியாது. நோய் மிகவும் முற்றியிருந்தால் கொலோனோஸ்கோப்பி வேண்டாம் என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரே சொல்லலாம். சரி, அது அவர் எடுக்க வேண்டிய முடிவு, வாட்ஸ்அப் குழு எடுப்பதல்ல.

அப்புறம், மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை. நம்மவர்களில் நீரிழிவு இல்லாத வீடு எது? அந்த மாத்திரை குடலைத் தீபாவளி நேரத்துச் சிராங்கூன் சாலை மாதிரி ஆக்கிவிடும். அத்தனை விளக்கு எரியும்போது நடுவில் ஒரு சின்ன பல்பை நான் எப்படித் தேடுவது? ஸ்கேனுக்கு நேரம் குறிக்கும்போதே சொல்லுங்கள். இரண்டு நாள் நிறுத்தச் சொல்லலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆறு மணி நேரம் வெறும் வயிறு என்றால் வெறும் தண்ணீர் மட்டும். "தே சி கோசோங் (சீனி போடாத பால் தேநீர்) தானே, சீனியே போடலையே" என்று ஒருவர் வாதாடினார். பால் இருக்கிறதே ஐயா!

இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோயோடு மோதவிடும் சிகிச்சை) எடுப்பவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி அடக்காதீர்கள். அந்த மருந்தே குடலை அழற்சியாக்கும், முற்றினால் குடலில் ஓட்டையே விழலாம். சிகிச்சை தரும் இடத்துக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள்.

தயவுசெய்து அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். கொலோனோஸ்கோப்பிக்கு முன்னால் அந்த மருந்துத் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்கப்போவது அவர்தானே.