முழங்கால் நோகிறது என்று வந்த குட்டிக் கேட்சர்

2025 ஏப்ரலில் ஒரு பின்னேரம் தகப்பனும் மகனுமாக என் கிளினிக்குக்கு வந்தார்கள். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பையனுக்குப் பன்னிரண்டு வயது. ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணியின் நீலச் சட்டை, முதுகில் 30, அதற்கு மேலே ‘கர்க்’. வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்க, காலை இழுத்து இழுத்து நடந்துவந்தான். கதிரையில் இருந்ததும் கழற்றிய ஜாக்கெட்டை மடியில் வைத்து வயிற்றை மறைத்துக்கொண்டான்.

தகப்பன்தான் கதைத்தார். “முழங்கால் நோகுதாம் டொக்டர், ரெண்டு மாசமாச்சு. உடம்பைக் குறைச்சால் சரிவரும் எண்டு காட்டின இடத்திலயும் சொல்லிப்போட்டினம். இவர் சோத்தைக் குறைக்கிறாரில்லை.”

“நான் டொக்டர் இல்லை அண்ணை, பிசியோ.” ஸ்காபரோவில் இதைக் கிழமைக்கு நாலு தடவையாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

பையனோ வாயே திறக்கவில்லை. “எல்லாரும் குரேரோ சட்டைதானே போடுறவை, நீர் என்ன கர்க்?” என்று கேட்டேன். அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். “கர்க் கேட்சர். நானும் கேட்சர்.”

பேஸ்போல் பார்க்காதவர்களுக்கு: கேட்சர் என்பவர் ஏறக்குறைய நம் விக்கெட் கீப்பர். ஆனால் மட்டையாளருக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்திலேயே குந்தியிருப்பார். மணிக்கு 150 கிலோமீற்றருக்கு மேல் வரும் பந்தை, ஓர் ஆட்டத்தில் நூற்றைம்பது தடவைக்குக் கிட்டப் பிடிக்கவேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழும்பவேண்டும். பருவத்தில் அணிக்கு 162 ஆட்டங்கள். இதற்கிடையில் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், அடுத்து என்ன பந்து போடுவது என்பதையும் பெரும்பாலும் இவர்தான் யோசித்துச் சொல்லுவார். மைதானத்தில் மற்ற எட்டுப் பேரையும் பார்த்தபடி இருக்கும் ஒரே ஆள் இவர்.

அலெஹாந்த்ரோ கர்க் மெக்சிக்கோவின் திஹுவானாவில் 1998இல் பிறந்தவர். உயரம் 173 சென்ரிமீற்றர், எடை ஏறத்தாழ 111 கிலோ. கணக்குப் போட்டால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 37 வரும். அந்த எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதி என்னிடம் தந்தால், ‘நடைப்பயிற்சியிலிருந்து தொடங்குங்கோ’ என்றுதான் நானும் எழுதிக் கொடுத்திருப்பேன். தொழில் பழக்கம் அப்படி.

2016இல், பதினேழு வயதில், புளூ ஜேய்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டபோது ஏறத்தாழ 30,000 டொலர்தான் விலை. இலட்சக்கணக்கில் கொட்டிப் பையன்களை வாங்கும் விளையாட்டில் அது சில்லறை. அடுத்த வருடம் கையில் காயம். ஒரேயொரு ஆட்டத்தோடு பருவம் முடிந்தது. 2018இல் புளூஃபீல்ட் என்ற சின்ன ஊர் அணிக்கு அடிக்கத் தொடங்கினார், சராசரி .354, அதாவது ஆயிரம் தடவைக்கு 354 ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் ஓடி நிற்பது). பத்தில் மூன்று தடவை ஹிட் அடித்தாலே கெட்டிக்காரன் என்று சொல்லும் ஆட்டம் இது. 2020இல் கொரோனாவால் கீழ்மட்ட லீக்குகள் எல்லாம் நின்றுபோயின. அந்தச் செப்ரெம்பரில், கீழ்மட்ட லீக்குகளின் நடுப்படியான உயர்நிலை ‘ஏ’ மட்டத்துக்கு மேல் ஒரு ஆட்டமும் ஆடாத அவரை நேரே பெரிய லீக்குக்கு இழுத்தார்கள். எல்லை மூடியிருந்ததால் ரொறன்ரோ அணி அமெரிக்காவின் பஃபலோவில் குடியிருந்த காலம். வந்து பத்து நாளுக்குள் யாங்கீஸ் அணிக்கு எதிராக நாலு ஹிட், அதில் ஒன்று அவருடைய முதல் ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி.

2022இல், பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில், பெரிய லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் தொடக்க கேட்சர். லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர் மைதானத்தில் நடந்தது அந்த ஆட்டம். இன்னொரு மெக்சிக்கோக்காரர், சொனோராவின் ஒரு சின்னக் கிராமத்திலிருந்து வந்த ஃபெர்னாண்டோ வலென்சுவேலா, 1981இல் ஊரையே கிறங்கடித்த இடம். அவருக்கும் தொப்பை இருந்தது. அன்றும் அதைப் பற்றிக் கதைத்தவர்கள் உண்டு. அந்த வருடமே சிறந்த புதுமுகம், சிறந்த பிட்சர் என்ற இரண்டு விருதுகளையும் சேர்த்து அள்ளினார். மெக்சிக்கோ பெரிய லீக்குக்கு அனுப்பியதில் பிட்சர்கள்தான் கூட. கேட்சர்களில் பதின்மூன்று பருவம் நின்று ஆடிய அலெக்ஸ் ட்ரெவீன்யோபோல ஒரு சிலரையே சொல்லலாம்.

அதே 2022 செப்ரெம்பரில், கர்க் முதல் பேஸிலிருந்து (ஓட்டத்துக்குச் சுற்றிவரவேண்டிய நாலு தளங்களில் முதலாவது) ஓடி ஓட்டம் எடுத்த காட்சியைப் பார்த்த கனடிய வானொலிக்காரர் ஒருவர், இப்படியொரு உடம்பு விளையாட்டுக்கே அவமானம் என்கிற மாதிரி இணையத்தில் எழுதிவிட்டார். கர்க் வாய் திறக்கவில்லை. பதில் சொன்னவர் சக ஆட்டக்காரர் அலெக் மனோவா, அவரும் பருத்த உடம்புக்காரர்தான். கர்க்குக்காக மட்டுமல்ல, கர்க்கைப்போல இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்காகவும் பேசினார். எழுதியவர் மன்னிப்புக் கேட்டார்.

சரி, அந்த உடம்பால் என்ன செய்கிறார்? பந்து மிட்டுக்குள், அதாவது கேட்சரின் தடித்த கையுறைக்குள், விழும்போது மணிக்கட்டை நூல் பிடித்ததுபோல அசையாமல் உள்ளே கொண்டுவருவார். விளிம்பில் போன பந்தையும் அம்பயர் ஸ்ட்ரைக், அதாவது மட்டையாளர் அடித்திருக்கவேண்டிய பந்து, என்பார். நிலத்தில் குத்திவரும் பந்தை நெஞ்சால் அடக்கி முன்னாலேயே விழுத்துவார். இவை இரண்டிலும் லீக்கின் முன்னணி ஆட்டக்காரர் அவர். கால் வேகம் இல்லை, உண்மை. லீக்கிலேயே மெதுவாக ஓடுபவர்களில் ஒருவர். ஆனால் கேட்சரின் வேலை ஓடுவதா? கணுக்கால் மடியவேண்டும், இடுப்பு மூட்டு ஆழமாக வளையவேண்டும், கை மெத்தென்றிருக்க வேண்டும், கண் சிமிட்டக்கூடாது. வயிறு அந்தப் பட்டியலில் எங்கேயும் வரவில்லை. 2025 மார்ச்சில் அணி அவருக்கு 5 வருடத்துக்கு 58 மில்லியன் டொலர் கொடுத்து வைத்துக்கொண்டது.

இதையெல்லாம் பையனோடு கதைத்துக்கொண்டே அவனைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்தேன். முழங்காலில் வீக்கமில்லை. எங்கே அமத்தினாலும் நோகவில்லை. வளர்கிற பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து நோவது சகஜம், அதுவுமில்லை. பிறகு முழங்காலை மடித்துத் தொடையை நெஞ்சுப்பக்கம் தூக்கினேன். நேரே நெஞ்சுக்கு வரவேண்டிய முழங்கால் தன்பாட்டில் வெளியே விலகித் தோள்ப்பக்கம் போனது. தொடையை உட்பக்கம் திருப்பினால் திரும்பவே இல்லை. இடது தொடை சுலபமாகத் திரும்பியது.

அத்தோடு நிறுத்திவிட்டேன். “அண்ணை, இவரை இனி நடக்கவிடக்கூடாது. இண்டைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கோ.” சக்கர நாற்காலியில்தான் காருக்கு அனுப்பினேன். தகப்பன் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். முழங்கால் நோவுக்கு எமர்ஜென்சியா? இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதுகிற பிசியோவா?

தொடை எலும்பின் மேல்முனையில் பந்துபோல ஒரு தலை இருக்கிறது. வளரும் வயதில் அந்தத் தலைக்கும் கழுத்துக்கும் நடுவில் குருத்தெலும்பாலான வளர்ச்சித்தட்டு இருக்கும். சில பிள்ளைகளுக்கு, முக்கியமாக பத்து முதல் பதினாறு வயதுக்குள், அந்தத் தட்டு விட்டுக்கொடுத்துத் தலை பின்னால் வழுக்கும். கோனிலிருந்து ஐஸ்கிரீம் சரிவதுபோல என்று எங்களுக்குப் படிப்பிப்பார்கள். ஆண்பிள்ளைகளுக்குக் கூட. எடை கூடிய பிள்ளைகளுக்கு இன்னும் கூட. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் போகும் நரம்புகள் சில ஒன்றே என்பதால், வழுக்குவது இடுப்பில், நோவது தொடையிலும் முழங்காலிலும். பிள்ளை முழங்காலைத்தான் காட்டும். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தால் சுத்தமாக இருக்கும்.

எடைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதால்தான் ‘உடம்பைக் குறை’ என்று அனுப்பிவிடுவது இவ்வளவு ஆபத்து. அவன் குறைக்கிறேன் என்று ஓடியிருந்தால், பாதி வழுக்கிய தலை முழுதாகவே வழுக்கியிருக்கலாம். அப்படி ஆனால் எலும்புத் தலைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு, எலும்பே செத்துப்போகவும் கூடும். நேரத்தோடு பிடித்தால் ஒரு திருகாணியோடு முடிகிற வேலை.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளை நொண்டினால், தொடையோ முழங்காலோ நோகிறது என்றால், பாதம் வெளியே திரும்பியிருந்தால், மெலிந்த பிள்ளையோ பருத்த பிள்ளையோ, இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பக்கம் வந்த பிள்ளைக்கு மற்றப் பக்கமும் வரலாம் என்பதால் இரண்டு பக்கமும் எக்ஸ்ரே எடுப்பார்கள். குட்டிக் கேட்சர்களின் பெற்றோருக்கு இன்னொன்று. ஒரே நாளில் பிட்சராகவும் கேட்சராகவும் பிள்ளையைப் போடவிடாதீர்கள். லிட்டில் லீக் விதியே 41 பந்து வீசிய பிள்ளை அன்று கேட்சராக நிற்கக்கூடாது என்கிறது. கோச் மறந்தாலும் நீங்கள் எண்ணுங்கள்.

அன்றிரவே தகப்பன் குரல்பதிவு அனுப்பியிருந்தார். வலது பக்கம் வழுக்கியிருக்கிறதாம், அடுத்த நாள் ஒபரேஷனாம். கடைசியில், “சோறு சோறு எண்டு ஏசிக்கொண்டிருந்திட்டன்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

ஊன்றுகோல், பிறகு நீச்சல் தடாகம், பிறகு மெதுவாகப் படிகள் என்று கோடை போனது. அந்தக் கோடையில் கர்க் மறுபடி ஆல் ஸ்டார். இலையுதிர் காலத்தில் புளூ ஜேய்ஸ் பெரிய லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடருக்கே போனது, எதிரணி டொட்ஜர்ஸ். நவம்பர் 1, சனிக்கிழமை இரவு ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸ் பிட்சர் யமமோட்டோவின் பந்து கர்க்கின் உடம்பில் பட்டு, மூன்று பேஸ்களிலும் ஆள் நிறைந்தது, ஓட்டம் வரவில்லை. பதினோராவதில் அவருடைய மட்டை முறிந்து, பந்து உருண்டுபோய் டொட்ஜர்ஸ் ஆட்டக்காரர் பெட்ஸின் கையில் விழ, இரண்டு பேர் அவுட். 5-4 என்று டொட்ஜர்ஸ் வென்றார்கள்.

திங்கட்கிழமை பையன் வந்தான். அதே 30. முகம் தொங்கிப்போயிருந்தது. “தோத்தது கர்க்காலயாம், பள்ளிக்கூடத்தில சொல்லீனம் அங்கிள். முதலாவது ஆட்டத்தில ஹோம் ரன் அடிச்சதை ஒருத்தரும் சொல்லேல்லை.”

ஆட்டத்துக்கு அறுவைச்சிகிச்சை நிபுணர் இன்னும் அனுமதி தரவில்லை; மெதுவான பயிற்சிக்குத்தான் தந்திருக்கிறார். வலது இடுப்பு முழுக்க வளையாது, அடியோடு குந்த முடியாது. ஆனால் இப்போதைய கேட்சர்கள் அனேகமானோர், கர்க் உட்பட, ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றித்தான் பந்துக்குக் காத்திருக்கிறார்கள். பாயை விரித்துக் கொடுத்தேன். வலது முழங்காலை ஊன்றி, இடது காலை மடித்து, இடக்கையில் மிட்டை மாட்டிக்கொண்டான். ஜாக்கெட் கதவுக்குப் பின்னால் கொழுவியிலேயே தொங்கியது.

“எறியுங்கோ.”

நான் எறிந்த டெனிஸ் பந்து அவனை விட்டு மூன்று அடி விலகிப்போய்ச் சுவரில் பட்டு, எடைத்தட்டுக்கு அடியில் உருண்டது.

தகப்பனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: “அப்பா, பிட்சரை மாத்தவேணும்.”